பெர்சிவல் துரை கட்டிய வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்த மகராசன் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தவனில்லை. குடியிருந்திருந்தால், கட்டிய வீட்டை ‘நான் கட்டவில்லை’ என்று சொல்லிப்பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பான். டன்மெரி தோட்டத்து மரியரட்ணம் மூன்றையும் செய்து பார்த்தவர். முதல் இரண்டும் ஒன்றுமேயில்லை என்பார்.

நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் இறங்கி, மரக்கறித் தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறினால் டன்மெரி வரும். மரியரட்ணத்துக்கு அங்கே தொழிலாளிப் பதிவும் இல்லை, மலை வேலையும் இல்லை. அவர் மேசன். கொழும்பில் பாதியை நான்தான் கட்டினேன் என்பார். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் வெள்ளவத்தையிலும் நீர்கொழும்பிலும் அவர் கட்டிய மாடிகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஒன்றும் இடிந்து விழவில்லை. ஊருக்கெல்லாம் மாடி கட்டிக்கொடுத்த மனிதர் லீவில் வந்தால் படுப்பது தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில். ஒற்றை அறை. இரண்டு காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் இங்கே தூக்கம் போய்விடும்.

அந்தக் காம்பராவும் அவருடையதில்லை, தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை பார்க்கிற வரைக்கும்தான். அவருடைய அப்பா பென்சன் எடுத்த கையோடு கிளாக்கர் வாசலில் வந்து நின்று, “காம்பராவ எப்ப விடுறதா உத்தேசம்?” என்று கேட்டார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எச்சில் கையோடு எழுந்து நின்று பதில் சொன்னார். அம்மா மறுநாளே கொழுந்தெடுக்கப் பேர் கொடுத்ததால்தான் காம்பரா தப்பியது. மரியரட்ணத்துக்கு அப்போது மீசை முளைத்திருக்கவில்லை. மீசை நரைத்த பிறகும் அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும், நான் சாகிறதுக்குள் கேட்காமல் எவனும் உள்ளே வரமுடியாத ஒரு வீட்டில் இருந்துவிட்டுத்தான் சாவேன் என்று நினைத்துக்கொண்டவர், அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவி பெற்றீசியாவிடம் மட்டும் சொன்னார். அவளும் சிரித்தாள். ஆனாலும் அந்த வீட்டுக்காகத்தான் சைப்ரசுக்கு வேலைக்குப் போனாள்.

லயத்துக்கு அப்பால், தேயிலை பிடிக்காமல் காடேறிப்போன ஒரு சரிவு இருந்தது. அதன் மேட்டில் இடிந்து கிடந்த பழைய மாட்டுப்பட்டியின் கருங்கற்களைப் புரட்டி உருட்டி இறக்கினார் மரியரட்ணம். நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவைப் பிரித்தபோது தூக்கி எறிந்த ஜன்னல்களைக் கொந்தராத்துக்காரரிடம் கேட்டு வாங்கினார். லீவுக்கு லீவு வந்து, கல்மேல் கல்லாக வைத்து எழுப்பினார். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்பக்கம் பெற்றீசியா சமைக்க ஒரு குசினி. முன்னறையில், எவனும் எதிர்பார்க்காத விதமாக, ஒரு கணப்படுப்பும் அதற்கு மேலே கல்லில் ஒரு புகைபோக்கியும். பங்களாக்களில் அதைத் திருத்தித் திருத்தி அவருக்கு ஆசை வந்துவிட்டது.

குறைகள் இல்லாமலில்லை. இடதுபக்க ஜன்னல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அது கிறிஸ்மசுக்கு முதல்நாள் வைத்தது, அதற்கு மேல் கேட்காதீர்கள். நிலைவாசல் பதிந்துபோனது, குனியாமல் வந்தால் நெற்றி வீங்கும். புகைபோக்கியிலோ புகை மேலே போவதைவிட உள்ளே வருவதுதான் அதிகம். ஆனால் அந்தப் பக்கத்து மூடுபனி இரண்டே மழைக்காலத்தில் சுவரெல்லாம் பாசி ஏற்றி, புது வீட்டைக் கிழட்டு வீடாக்கிவிட்டது. பெற்றீசியா திரும்பி வந்து, பிள்ளைமடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற வேலையில் சேர்ந்தாள். பாதர் வந்து வீட்டை மந்திரித்தார். அன்றைக்கு மரியரட்ணம் தன் வீட்டுக் கதவைத் திறந்து திறந்து சாத்தினார். பெற்றீசியா, “பிஞ்சிறப் போகுது, விடுங்க” என்று சொல்லும்வரை சாத்தினார்.

அந்தச் சந்தோசம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வந்த மேனேஜர், வெள்ளைக்காரன் போய் எவ்வளவு காலமானாலும் நம் ஆட்களுக்கு மேனேஜர் என்றால் துரைதான், அந்தப் பெரிய துரை மலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது லயத்துப் பக்கம் ஒரு புகைபோக்கி தெரிந்தது. வேறு யாராவது தகரத்தை இறக்கி ஒரு சாய்ப்புப் போட்டிருந்தால் அவர் கண்டும் காணாமல் போயிருப்பார். லயத்துக்காரன் வீட்டில் புகைபோக்கி என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மரியரட்ணமும் பெற்றீசியாவும் போனார்கள். துணைக்குத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியும் வந்தார். எந்தப் பக்கம் பேசினாலும் இரண்டு பக்கமும் பகைக்காமல் பேசத் தெரிந்தவர் அவர்.

“தோட்டத்துக் காணியில அனுமதி இல்லாம கட்டினது. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒடச்சிரணும்,” என்றார் பெரிய துரை. “இல்லாட்டி நான் ஒடைப்பேன்.”

“தொர சொல்றதும் நியாயந்தான், மேசனோட கஷ்டமும் நியாயந்தான்,” என்றார் செல்லசாமி.

பேசியது பெற்றீசியா. அவள் யோசித்துப் பேசவில்லை, வயிறு எரிந்து பேசினாள். ஆனால் அந்த எரிச்சலுக்குள்ளும் ஒரு கணக்கு இருந்தது. டன்மெரியில் வெள்ளைக்காரன் வைத்ததை எவனும் தொட்டதில்லை. அந்தக் காலத்துத் துரை குதிரை கட்டிய கல் இன்னமும் நடுரோட்டில்தான் நிற்கிறது, கொழுந்து லொறி அதைச் சுற்றித்தான் போகிறது. அவர்கள் குளித்த தொட்டி பீன்ஸ் பாத்திக்கு நடுவே கிடக்கிறது, அதைச் சுற்றித்தான் பாத்தி போடுகிறார்கள்.

“அத நாங்க கட்டலீங்க தொர,” என்றாள் பெற்றீசியா. “அது அந்தக் காலத்து வெள்ளக்காரத் தொர கட்டினது. காடு மூடிக் கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு காட்ட வெட்டிக் கூரைய மட்டுந்தான் போட்டாரு.”

பெரிய துரை கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

“எந்தத் துரை?” என்றார் பெரிய துரை.

சைப்ரசில் அவள் வேலை பார்த்தது ஒரு வயதான ஆங்கிலேயத் தம்பதியின் வீட்டில். அங்கே அவள் குளிப்பாட்டி, சோறு வைத்து, சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போன ஒரு கிழட்டு நாய் இருந்தது. அவளுக்கு வாயில் வந்த ஒரே வெள்ளைக்காரப் பெயர் அதனுடையதுதான்.

“பெர்சிவல் தொரைங்க,” என்றாள்.

செல்லசாமி ஒரு நொடி மரியரட்ணத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். “ஆமாங்க,” என்றார். “எங்க தாத்தா சொல்லுவாரு. நல்ல மனுசனாம்.”

பெரிய துரை உடைக்கச் சொல்லவில்லை. கொழும்புக்குப் போன் பண்ணினார். வெளியே வந்ததும் மரியரட்ணம், “நாயோட பேரையா வச்ச?” என்று பல்லைக் கடித்தார். “உங்க பேரச் சொன்னா ஒடைக்கிறான், நாய் பேரச் சொன்னா விட்டுர்றான். நான் என்ன பண்றது?” என்றாள் பெற்றீசியா.

கம்பனியின் கொழும்புத் தலைமையகத்தில் அப்போது பழைய பங்களாக்களை உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிற யோசனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த அனோஜா என்ற பெண் கமெராவும் அளவு நாடாவும் கொண்டு வந்து இறங்கினாள். நல்ல பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு. வீட்டைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“அங்கிள், இந்தக் கல்லைப் பாருங்கோ! நூறு வருசத்துக்கு மேல இருக்கும்,” என்றாள். கல்லுக்கு இருக்கும்தான், மாடுகளிடம் கேட்டால் சொல்லியிருக்கும். சிமெந்தைச் சுரண்டிப் பார்த்து, பிற்காலத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்றாள். பதிந்த நிலைவாசலைப் பார்த்து, அந்தக் காலத்து மனிதர்கள் குள்ளம் என்றாள். கணப்படுப்பை மூட்டிப் பார்த்தார்கள். அறை முழுக்கப் புகை மண்டியது. அனோஜா கண்ணைக் கசக்கிக்கொண்டே, விக்டோரியா ராணி காலத்து வீடுகளில் இப்படித்தான் என்று குறித்துக்கொண்டாள். பிறகு சாய்ந்த ஜன்னலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள்.

“இது ஏன் இப்பிடி இருக்குதெண்டுதான் விளங்கேல்ல. மேசன் குடிச்சிருப்பான் போல,” என்று சிரித்தாள்.

“அந்த மேசன் வேல நேரத்துல குடிக்கிற ஆளு இல்ல,” என்றார் மரியரட்ணம்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள்?”

பெற்றீசியா அவருடைய காலை நன்றாக மிதித்தாள். “கேள்விப்பட்டதுதான்,” என்றார் அவர்.

வீடு தப்பியது. அதுவரைக்கும் பெற்றீசியாவின் வாய்க்கு மாதாவே துணை நின்றாள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் அது சும்மா இருக்குமா? மறுமாதம் வாசலில் ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள், ‘பெர்சிவல் இல்லம், 1889’ என்று மூன்று மொழியிலும். அதைவிடப் பெரிய செய்தியைப் பெரிய துரை வாயால் சொன்னார். சரித்திர முக்கியத்துவமுள்ள கட்டடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாதாம். படுக்கக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. வீடு உடைபடாது, ஆனால் நீங்கள் உள்ளே இருக்க முடியாது. மரியரட்ணமும் பெற்றீசியாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் லயத்துக் காம்பராவுக்குப் போனார்கள். பக்கத்துக் காம்பராவில் வீரய்யா இருமிக்கொண்டிருந்தார்.

பெரிய துரை ஈவிரக்கமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. மரியரட்ணத்துக்கு அந்த வீட்டிலேயே வாச்சர் வேலை கொடுத்தார். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் கொடுத்தார். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பெர்சிவல் துரையின் கதையைச் சொல்ல வேண்டும். தான் கட்டிய வீட்டின் கதவைப் பிறத்தியாருக்குத் திறந்துவிடுகிற வேலையைச் செய்தவர் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவருக்குத்தான் மரியரட்ணத்தின் வயிறு எரிந்தது தெரியும்.

அவர் கதை சொன்னார். துரையைப் பற்றி இரண்டு வரி, மேசனைப் பற்றி அரைமணி நேரம். “இந்த மூலைக்கல்ல பாருங்க. ஊசி எறங்காது. இப்பிடி ஒரு மேசன் இந்த மலையில பொறந்ததும் இல்ல, இனிப் பொறக்கப் போறதும் இல்ல,” என்பார். “அவர் பெயர் என்ன?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மரியரட்ணம் தொண்டையைச் செருமுவார். “பேரு தெரியலீங்க,” என்பார். அன்றைக்கு இரவு அவருக்குச் சோறு இறங்காது.

தோட்டத்து ஆட்கள் கல் சுமந்து கொடுத்தவர்கள். சாந்து குழைத்தவர்கள். மரியரட்ணம் கட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களே மெல்ல மெல்லப் பெர்சிவல் துரையை நம்பத் தொடங்கியதுதான் கூத்து. பலகையில் போட்டிருக்கிறதே! வீரய்யாவின் மாடு காணாமல் போனபோது, அவர் போகிற போக்கில் பெர்சிவல் துரையை நினைத்துக்கொண்டாராம். மாடு சாயங்காலம் தானாகத் திரும்பிவிட்டது. மறுநாள் வாசற்படியில் கற்பூரம் எரிந்தது. பக்கத்தில் ஒரு சுருட்டும், மூடியில் ஊற்றிய சாராயமும். துரைச் சாமிக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கம் தோட்டங்களில் புதிதில்லை, ஆனால் இந்தச் சாமி பிறந்து இன்னும் பல் முளைக்கவில்லை.

“ஏன்யா, நீதான் எனக்கு மண்ணு வெட்டிக் குடுத்த. ஒனக்குத் தெரியாதா?” என்றார் மரியரட்ணம்.

“தெரியும் மேசன்,” என்றார் வீரய்யா. “மாடு வந்துருச்சே. அதுக்கு என்ன சொல்ற?”

பெற்றீசியா மட்டும் கலங்காமல் இருந்தாள். பொறுங்கள், இவர்களுக்கு இந்தப் பைத்தியம் தெளியும், பலகை உளுத்து விழும், நாம் உள்ளே போய்விடலாம் என்றாள். ஆனால் பைத்தியம் தெளிவதற்குள் இங்கிலாந்திலிருந்து பெர்சிவல் வந்துவிட்டார்.

அனோஜா வீட்டின் படத்தையும் கதையையும் இணையத்தில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெர்சிவல் எழுதியிருந்தார். அவருடைய பாட்டனாருக்கு அப்பா இலங்கைக்குத் தேயிலை நடப் போனவராம், போனவர் ஒரு கடுதாசிகூடப் போடவில்லையாம், எங்கே இருந்தார், எங்கே செத்தார் என்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாதாம். இப்போது தெரிந்துவிட்டது.

வந்தார். நெட்டையான மனிதர், வெயில் பட்ட மூக்கு, குழந்தை முகம். குனியாமல் நுழைந்ததில் நிலைவாசலில் நெற்றி டமாரென்று மோதியது. மரியரட்ணத்துக்கு உள்ளூர ஒரு திருப்தி. பெர்சிவல் நெற்றியைத் தடவிக்கொண்டே அந்த நிலையை முத்தமிட்டார். கணப்படுப்புக்கு முன்னால் மண்டியிட்டு அழுதார். பெட்டியிலிருந்து, மீசைக்காரர் ஒருவரின் பழைய படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார். ஆணி அடிக்கக் கூடாது என்ற சட்டம் அவருக்கு இல்லை.

அழுகிற மனிதரை வெறுக்க முடியவில்லை என்பதுதான் மரியரட்ணத்துக்கு ஏற்பட்ட இன்னொரு கஷ்டம். அப்பா போன இடம் தெரியாத பிள்ளைகள் இருக்கிற வீட்டின் துக்கம் அவருக்குப் புரிந்தது. ஆனால் அந்தத் துக்கத்தை என் சுவரில்தானா வந்து மாட்ட வேண்டும் என்றும் இருந்தது.

பெர்சிவல் வீட்டைச் சுற்றி வந்தார். எல்லாம் அற்புதம் என்றார். ஒன்றே ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அனோஜா அதைத் தமிழில் சொன்னாள்.

“பின்னுக்கு இருக்கிற குசினி மட்டும் பிறகு ஆரோ சேர்த்துக் கட்டினதாம். வீட்டின்ட அழகைக் கெடுக்குதாம். அதை இடிச்சுப்போட்டு, பழையபடி ஆக்கிறதுக்கு அவரே செலவு செய்யிறாராம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “குசினி நீங்க கட்டினதுதானே அங்கிள்? குறை நினைக்காதேங்கோ,” என்றாள்.

கூரையை விட்டால், அந்த வீட்டில் மரியரட்ணம் கட்டியது என்று உலகம் ஒத்துக்கொண்ட ஒரே பகுதி அந்தக் குசினிதான். அதைத்தான் இடிக்கச் சொல்கிறார்கள். இடிப்பதற்கும் வெளியாள் எதற்கு, நம்ம மரியரட்ணம் மேசன்தானே என்றார் பெரிய துரை.

சுவர் இடிக்கிற அலவாங்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். பெற்றீசியா குசினி வாசலில் நின்றாள். வாயாடி பேசாமல் நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அலவாங்கை ஓங்கியவர், அதைத் தரையில் போட்டார்.

“இந்த வீட்ட நான் கட்டினேன்,” என்றார்.

காதில் விழவில்லையோ என்று அவர் கத்தினார். “முழு வீட்டையும் நான் கட்டினேன்! கல்லு மாட்டுப்பட்டிக் கல்லு. சன்னல் நுவரெலியாவுல தூக்கிப்போட்டது. அந்தச் சன்னல் கோணலா இருக்கே, அது நான் குடிச்சிட்டு வச்சது. பொகை உள்ள வருதே, அது எனக்குக் கட்டத் தெரியாம கட்டினது. பெர்சிவல்னு ஒரு தொர இல்ல. அது சைப்ரஸ்ல ஒரு நாயி!”

செல்லசாமி கையைப் பிசைந்துகொண்டு, “மேசன் சொல்றதும் உண்மைதான், பலகையில இருக்கிறதும் உண்மைதான்,” என்றார். வீரய்யா கன்னத்தில் போட்டுக்கொண்டார், சாமியை நாய் என்று சொன்னால் குத்தம் ஆகும் என்று பயம். பெரிய துரை சிரித்தார். “வயசு போகுது,” என்றார்.

அனோஜா சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மரியரட்ணம் சொன்னதைப் பெர்சிவலுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள், கூடவே தன் விளக்கத்தையும் சேர்த்துச் சொன்னாள். இவர் இந்த வீட்டோடு ஒன்றிப்போய்விட்டார், இதன்மேல் வைத்த அன்பினால் தான்தான் இதைக் கட்டினேன் என்றே நம்பத் தொடங்கிவிட்டார் என்பது அவளுடைய விளக்கம். நாயை மட்டும் விட்டுவிட்டாள், நல்ல பிள்ளை.

பெர்சிவல் மரியரட்ணத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய நாடி மரியரட்ணத்தின் உச்சந்தலையில் இடித்தது. என் சொந்தக் குடும்பம் மறந்துபோன மனிதரின் வீட்டை இவர் இவ்வளவு நேசித்திருக்கிறார், இதற்கு வாரிசு நானில்லை, இவர்தான் என்றார். அதோடு நிற்கவில்லை. பெர்சிவல் குடும்பத்தின் சார்பில் இந்த வீட்டை மரியரட்ணத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். குசினியை இடிக்கிற பேச்சு அதோடு நின்றது.

மரியரட்ணம் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி இது. பொய்யர் என்று அடித்து விரட்டியிருந்தால்கூட அவருக்குப் பாதி மரியாதை மிஞ்சியிருக்கும்.

பெரிய துரைக்கு முகம் கறுத்தது. காணி கம்பனியுடையது, இந்த மனிதர் யார் கொடுப்பதற்கு? ஆனால் இந்த வீட்டைக் கட்டியது பெர்சிவல் குடும்பம் என்று மூன்று மொழியில் எழுதி வாசலில் நட்டது கம்பனிதான். இப்போது இல்லையென்றால் பலகை பொய்யாகிவிடும். கொழும்பில் கூடிக் கூடிப் பேசினார்கள். வெள்ளைக்காரர் தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுக்கிறார் என்றால் பத்திரிகையில் படம் வரும் என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வீடும், அது நிற்கிற நிலமும் மரியரட்ணம் பெற்றீசியா பேருக்கு எழுதியாயிற்று. மரியரட்ணம் கட்டினால் அத்துமீறல், பெர்சிவல் கொடுத்தால் உறுதிப் பத்திரம்.

விழா வைத்தார்கள். வாசலில் வாழைமரம், சிவப்பு நாடா. முன்னறையில் மேசை போட்டு, பங்களாவிலிருந்து வந்த நல்ல கோப்பைகளும் கேக்கும் பரப்பியிருந்தார்கள், மீசைக்காரர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பு ஆட்கள் குடையோடு வந்திருந்தார்கள். வானம் மூட்டமாக இருந்தது. பெரிய துரை பேசினார், செல்லசாமி இரண்டு பக்கமும் பேசினார், பெர்சிவல் பேசி அழுதார். பிறகு பெர்சிவல் சாவியை எடுத்து மரியரட்ணத்தின் கையில் வைத்தார். கந்தப்பளை ஹாட்வெயாரில் மரியரட்ணம் பேரம் பேசி வாங்கிய பூட்டின் சாவி அது.

கமெராக்கள் காத்திருந்தன. மரியரட்ணம் சாவியையே புரட்டிக்கொண்டிருந்தார்.

“தேங்க் யூ சொல்லு மரியரட்ணம்,” என்றார் பெரிய துரை.

அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். நான் புரட்டிய கல், நான் வாங்கிய பூட்டு, என் பெண்சாதி வேறொருத்தன் நாயைக் குளிப்பாட்டிச் சம்பாதித்த சிமெந்து. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

பெற்றீசியா பக்கத்தில் வந்து நின்றாள். உதடு அசையாமல், “சொல்லித் தொலைங்க,” என்றாள். “கௌரவத்துக்குள்ள பாய் விரிச்சிப் படுக்க முடியாது.”

“தேங்க் யூ சேர்,” என்றார் மரியரட்ணம்.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, கந்தப்பளை மழைக்குச் சொல்லவா வேண்டும். மரியரட்ணம் நாடாவை வெட்டினார். தலையைக் குனிந்து உள்ளே போனார். பெற்றீசியாவும் குனிந்து உள்ளே வந்தாள். பிறகு அவர் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“என்னாங்க பண்றீங்க!” என்றாள் பெற்றீசியா.

வெளியே முதலில் யாருக்கும் விளங்கவில்லை. படம் எடுப்பதற்காக மறுபடி திறப்பார் என்று நினைத்தார்கள் போல. மழை வலுத்தது. விறாந்தையில் நாலு பேர்தான் நிற்கலாம், மற்றவர்கள் வாழைமரத்தடியில் நனைந்தார்கள். பிறகு பெரிய துரையின் குரல் கேட்டது. “மரியரட்ணம்! கதவத் தொற!”

பெற்றீசியா பதறினாள். “தொரைங்க நனையிறாங்க. தெறங்க, பாவம்.”

மரியரட்ணம் திறக்கவில்லை. மேசைப் பக்கத்திலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பயமா, சந்தோசமா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டும்தான். “தொற!” என்று இன்னொரு தரம் கேட்டது. அவர் ஒரு கேக் துண்டை எடுத்துக் கடித்து மென்றார்.

வெளியே பெர்சிவல் மெதுவாக ஏதோ சொன்னார். அனோஜாவும் ஏதோ சொன்னாள். சத்தங்கள் அடங்கின. அதற்குப் பிறகு கதவில் ஒரு விரல் தட்டியது. இடிக்கவில்லை, தட்டியது.

மரியரட்ணம் எழுந்து போய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

“யாரு?” என்று கேட்டார்.

பெரிய துரை தன் பெயரைச் சொன்னார், முழுப் பெயரையும். டன்மெரியில் அதுவரைக்கும் அப்படி ஒரு பெயர் அவருக்கு இருப்பதே யாருக்கும் தெரியாது.

“என்ன வேணும்ங்க?”

“மழை பெய்யுது,” என்றது வெளியே இருந்த குரல். “உள்ள வரலாமா?”

மரியரட்ணம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய நரைத்த மீசை நனைந்திருந்தது, அவர் மழையில் நனையவில்லை.

“கேக்குறாங்க பெற்றீசியா,” என்றார். “உள்ள வரலாமான்னு கேக்குறாங்க.”